ஒரு புல் இருக்கக் கூடாது

பள்ளித் தோட்டப் பொறுப்பை ஏற்றிருக்கும் இளம் ஆசிரியர்களுக்கு வணக்கம். 'ஏற்றிருக்கும்' என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் பொறுப்புகளைப் பங்கிட்ட கூட்டத்தன்று நீங்கள் மருத்துவ விடுப்பில் இருந்திருப்பீர்கள். மறுநாள் வந்து பார்த்தால் தோட்டம் உங்கள் தலையில் விழுந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது. எனக்குப் பல்வலி. பல்லை அன்றே பிடுங்கிவிட்டார்கள். தோட்டம் நான் ஓய்வு பெறும்வரை கூடவே இருந்தது.

பாத்தி எப்படிக் கட்டுவது, எரு எப்படி மக்க வைப்பது என்பதெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கைப்பேசியில் எத்தனையோ காணொளிகள் இருக்கின்றன. அவற்றில் வரும் செடிகள் எதுவும் நம் பள்ளிக்கூடத்துச் செடிகளைப் போல வாடி நிற்பதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. நான் சொல்ல வந்தது ஒரு திங்கட்கிழமையைப் பற்றி. அப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். வராது என்று யாராவது சொன்னால், அவரிடமே தோட்டத்தை ஒப்படைத்துவிடுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது தாப்பா பக்கத்தில் ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியில். ஈப்போவில் புந்தோங் பகுதியில் வீடு, தினமும் கார் ஓட்டிக்கொண்டு போய் வருவேன். பள்ளியின் பெயர்ப்பலகையில் இன்னும் எஸ்டேட்டின் பெயர்தான் இருக்கிறது. எஸ்டேட்தான் இல்லை. ரப்பர் பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள். செம்பனையில் பாதியை வெட்டித் தாமான் என்று குடியிருப்பு வீடுகள் கட்டினார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் இடிக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதை மறந்திருப்பார்கள். பழைய எஸ்டேட்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாமான்களிலிருந்து வேனில் வந்து படித்தார்கள்.

சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். அதில்தான் எங்கள் தோட்டம். தண்டுக்கீரை, காங்கோங் கீரை, வெண்டை, கத்திரி. தானே வளர்த்த காய்கறியைப் பிள்ளை தின்னும், தின்று பழகினால் உடம்பு தேறும் என்பது திட்டம். எங்கள் பிள்ளைகளுக்குக் காலையில் பாக்கெட் மீ நூடுல்ஸ், மதியம் பொரித்த கோழி, மாலையில் கலர் தண்ணீர். கீரை என்பது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு படம். அதற்கு வர்ணம் தீட்டச் சொன்னால் நன்றாகத் தீட்டுவார்கள்.

முதல் எதிர்ப்பு பிள்ளைகளிடமிருந்து வரும் என்று நினைத்தேன். பெற்றோரிடமிருந்து வந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தாயார் எழுந்தார்.

“மண்ணத் தொடக் கூடாதுன்னுதான் டீச்சர் இதுங்கள படிக்க அனுப்புறோம். நீங்க மறுபடியும் மம்பட்டியத் தூக்கிக் கையில குடுக்குறீங்களே!”

மண்டபமே கைதட்டியது. பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்த பதில்கள் எதிலும் மம்பட்டி வரவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பள்ளி வேன் ஓட்டும் கணேசன். சங்கத்தில் செயற்குழு உறுப்பினர். எஸ்டேட் விற்கப்படும்வரை அங்கே வேலை செய்தவர்.

“அக்கா, நம்ம வெட்டுனது தொரைக்கு. இதுங்க வெட்டுறது இதுங்க வயித்துக்கு. ரெண்டும் ஒண்ணாக்கா?” என்றார்.

அந்த அக்கா உட்கார்ந்துவிட்டார். தோட்டம் பிழைத்தது. அதற்கு வேலி போட்டது கணேசன். 'இங்கே மருந்து அடிப்பதில்லை' என்று பிள்ளைகள் எழுதிய பலகைக்கு ஆணி அடித்தது கணேசன். ஆடு நுழைந்தபோது ஆட்டுக்காரரோடு சண்டை போட்டதும் அவர்தான். அதற்கு எனக்கும் ஆசை இருந்தது. ஆசிரியை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அவருடைய மகள் தர்ஷினி ஐந்தாம் ஆண்டு படித்தாள். பச்சையாக எது தட்டில் விழுந்தாலும் தட்டையே தள்ளி வைக்கிற ரகம். ஆனால் தோட்டத்தில் ஒரு கீரைப் பாத்தியைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு, இடைவேளையெல்லாம் அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். வேறு பிள்ளைகள் தண்ணீர் ஊற்றினால் சண்டைக்குப் போவாள். ஒரு நாள் என்னிடம் வந்து, “டீச்சர், இத நான் சாப்புடுவேன். ஆனா எல்லாரும் பாக்கணும்” என்றாள். தியாகம் செய்கிறவர்களுக்குச் சாட்சி தேவைப்படும். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

எங்கள் தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஆனால் புதுக் கார் வாங்கியிருந்தார். கார் வெயிலில் நின்றது. சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால்தான் நிழல் இருந்தது. அந்த நிழலில் கத்திரிக்காய் இருந்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி திங்கட்கிழமை தோட்டத்தைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம் பாத்துட்டு நல்லா இருக்குன்னா தோட்டம் இருக்கட்டும் டீச்சர். இல்லன்னா தார் போட்டுருவோம். எதுக்கும் ஒரு முடிவு வேணும்ல.”

எனக்குக் கோபம் வந்தது. என் கோபத்தால் அந்தப் பள்ளியில் எதுவும் மாறியதில்லை என்பதால், “சரி சார்” என்றேன். அதிகாரியின் முன்னால் பிள்ளைகளே பறித்த கீரையைச் சமைத்து, பிள்ளைகளே சாப்பிட்டுக் காட்டுவது என்று திட்டம் போட்டேன். முதல் வாய் தர்ஷினி வைப்பாள். கீரையே தொடாத பிள்ளை கீரை தின்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தார் போடச் சொல்ல எந்த அதிகாரிக்கும் மனம் வராது என்று கணக்குப் போட்டேன். என் கணக்கில் தப்பில்லை.

சனிக்கிழமை காலை தலைமையாசிரியர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். “திங்கட்கிழமை சிறப்பு வருகை. தோட்டத்தில் ஒரு புல் இருக்கக் கூடாது. பெற்றோர் ஒத்துழைக்கவும்.” கூடவே கும்பிடும் கைகள். பெற்றோர் பலரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். புல் பிடுங்க அந்தக் கட்டைவிரல்களில் ஒன்றுகூட வரவில்லை. நான் எதிர்பார்க்கவுமில்லை.

திங்கட்கிழமை சபைகூடலுக்கு முன்பே பிள்ளைகள் கீரையைப் பறித்துக் கழுவிக் கொடுத்துவிட்டார்கள். கூடாரம் போட்டாயிற்று. சிற்றுண்டிச்சாலை அக்கா வெளியே அடுப்பை வைத்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்துக் கீரையைக் கொட்டினார். வாசம் வகுப்பறைவரை போனது. தர்ஷினி இரட்டைச் சடையில் புது ரிப்பன் கட்டிக்கொண்டு, தட்டை மார்போடு அணைத்து நின்றிருந்தாள். பரீட்சைக்குப் போகிற முகம்.

கணேசன் வேனை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை.

“பாதையெல்லாம் பாத்தீங்களா டீச்சர்?”

“பாத்தேன். புல்லு அப்படியே இருக்கு. இனிமே என்ன செய்ய, விடுங்க கணேசன்.”

“இன்னிக்கு அப்படித்தான் தெரியும். ஒரு வாரம் பொறுங்க, வேரோட கருகிரும்லா” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. யாருக்கும் சொல்லாமல் பரிசு வாங்கி வைத்திருப்பவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

“என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன்.

“நேத்து சாயங்காலம் வந்து அடிச்சிட்டேன். கேட்டு சாவிதான் எங்கிட்ட இருக்கே. பெரிய சார் ஒரு புல்லு இருக்கக் கூடாதுன்னு போட்டிருந்தாரு, ஒருத்தனும் வரமாட்டானுங்கன்னு எனக்குத் தெரியும். பம்பு வீட்டுல சும்மாதான கெடக்கு.”

“என்ன அடிச்சீங்க?”

“புல்லு மருந்துதான்.”

“கணேசன், இங்க மருந்தே அடிக்கிறதில்லன்னு போர்டு இருக்கு. நீங்கதான் ஆணி அடிச்சீங்க.”

“அது பூச்சி மருந்து டீச்சர், செடிக்கு அடிக்கிறது. இது புல்லுக்குல்ல?” என்று பொறுமையாக விளக்கினார். எனக்குப் பாடம் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். “கீர மேல ஒரு சொட்டு படல. சின்ன வயசுலேர்ந்து இதான வேல எனக்கு. கை ஆடாது.”

“காத்து அடிச்சுதா?”

கொஞ்சம் யோசித்தார். “லேசா இருந்துச்சு” என்றார்.

அந்த நேரம் அதிகாரியின் கார் கேட்டுக்குள் நுழைந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். கணேசன் பொய் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர், ஒரு சொட்டுகூடப் படாமல் இருந்திருக்கலாம். கீரை பச்சைப் பசேலென்று இருந்தது, கழுவியும் ஆயிற்று. எவ்வளவு பட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ள நேரமில்லை. தலைமையாசிரியர் மாலையை எடுத்துக்கொண்டு காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பிள்ளைகளின் வாயில் வைக்கக் கூடாது. அந்த நிமிடத்துக்கு அவ்வளவு அறிவு போதும். அதற்கு மேல் யோசிக்க ஆரம்பித்தால், “பரவாயில்லை, ஒரு வாய்தானே” என்ற இடத்தில்தான் போய் நிற்போம். படித்தவர்கள் அந்த இடத்துக்குச் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடுவோம்.

ஆனால் தர்ஷினி தட்டோடு நின்றாள். அவளுக்காகத்தான் கணேசன் ஞாயிற்றுக்கிழமை மாலை பம்பைத் தூக்கியிருக்கிறார். உண்மையை உரக்கச் சொன்னால், அந்தப் பிள்ளை எல்லோர் முன்னிலையிலும் சாப்பிட்டுக் காட்ட வந்த கீரையை அவள் அப்பாவே கெடுத்தார் என்று எல்லோர் முன்னிலையிலும் தெரிந்துகொள்வாள். அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையும் தப்ப வேண்டும், தகப்பனும் தலை குனியக் கூடாது. ஆகவே தந்திரம் செய்தேன்.

பள்ளி நாடகங்களில் எனக்கு எப்போதும் மரம் வேடம்தான் கிடைக்கும் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அதிகாரி வந்து உட்கார்ந்து, தலைமையாசிரியர் வரவேற்புரையை முடித்து, அக்கா கரண்டியை எடுத்த நேரத்தில் நான் அடுப்பைச் சுற்றி வந்து, சேலை தடுக்கியதுபோல மேசைமேல் சாய்ந்தேன். சட்டி கவிழ்ந்தது. கீரையெல்லாம் புல்லில். கொஞ்சம் என் சேலையில். நடிப்பைவிட விழுந்தது நன்றாகவே வந்தது. முழங்கையில் அந்த வடு இன்னும் இருக்கிறது.

“ஐயோ டீச்சர், சுட்டுக்கிட்டீங்களா?” என்று அதிகாரி எழுந்தார். நல்ல பெண்மணி. ஈப்போக்காரர்.

“இல்ல மேடம், என் தப்பு, பாக்கல” என்றேன். முடிந்தது என்று மனத்துக்குள் நிம்மதியும் அடைந்தேன்.

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு மலர்ந்த முகத்தோடு அதிகாரியின் பக்கம் திரும்பினார். “ஒண்ணும் பிரச்சின இல்ல மேடம். பாத்தியில இன்னும் நெறைய இருக்கு. பிள்ளைங்களா, ஓடிப்போய்ப் பறிச்சிட்டு வாங்க!”

என் பணிக்காலத்தில் எந்தக் கட்டளைக்கும் பிள்ளைகள் அவ்வளவு வேகமாகக் கீழ்ப்படிந்து நான் பார்த்ததில்லை. மொத்தக் கூட்டமும் பாத்திகளை நோக்கி ஓடியது. தர்ஷினி முன்னால் ஓடினாள்.

தந்திரத்தின் ஆயுள் அவ்வளவுதான். தோட்டமே இன்னும் அங்கே இருக்கும்போது சட்டியை மட்டும் கவிழ்த்து என்ன பயன்?

“யாரும் தொடாதீங்க! தர்ஷினி, கைய எடு!”

என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்கள். அதிகாரி என்னைப் பார்த்தார். இனி ஒளிக்க இடமில்லை.

“புல்லு மருந்து அடிச்சிருக்கு மேடம். கீரையில பட்டிருக்கலாம், படாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியல. தெரியிற வரைக்கும் பிள்ளைங்க சாப்பிட வேணாம்.”

“யாரு அடிச்சது?” என்றார் தலைமையாசிரியர்.

“அத அப்புறம் பேசலாம் சார். காலையில பறிச்ச பிள்ளைங்க எல்லாரும் முதல்ல சோப்புப் போட்டுக் கைய கழுவட்டும்.”

பிள்ளைகள் குழாயடிக்குப் போனார்கள். அப்போது சிற்றுண்டிச்சாலை அக்கா மெல்லிய குரலில், “டீச்சர், நான் உப்புப் பாத்தேன்” என்றார். முகம் வெளுத்துவிட்டது. கணேசன் வேனில் கிடந்த மருந்து டப்பாவை எனக்கு மட்டும் காட்டினார்; அதைப் படம் எடுத்து, கைப்பேசியையே கையில் கொடுத்து, இன்னொரு ஆசிரியரோடு அக்காவைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். இந்தப் படம் எடுக்கிற விஷயத்தை மறக்காதீர்கள். என்ன மருந்து என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். நாம் 'பச்சை டப்பா' என்போம். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் நன்றாக இருக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு உப்புப் பார்ப்பதில்லை. அந்தப் பள்ளியில் சாப்பாடு அன்றிலிருந்து ஒரு நாள் உப்பாகவும் ஒரு நாள் சப்பென்றும்தான் இருக்கிறது.

தலைமையாசிரியர் விடவில்லை. “யாரு அடிச்சதுன்னு கேட்டேன்.”

தெரியாது சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கணேசன் முன்னால் வந்து நின்றார்.

“நான்தான் சார்.”

“ஒங்கள யாரு அடிக்கச் சொன்னா?”

“நீங்கதான சார் ஒரு புல்லு இருக்கக் கூடாதுன்னு போட்டீங்க?”

குத்திக் காட்டவில்லை அவர். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார். அதிகாரி தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் தம் கைப்பேசியைப் பார்த்தார். வேறொரு நாளாக இருந்தால் நான் வீட்டுக்குப் போகும்வரை சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. தர்ஷினி குழாயடியிலிருந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. கணேசன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

“அவர் நல்லதுக்குத்தான் செஞ்சாரு சார். பிள்ளைங்க முன்னால இதோட விட்டுருங்க” என்று சொல்லி, இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். கீரை ஒட்டிய சேலையோடு யார் வந்து நடுவில் நின்றாலும் பேச்சு நின்றுவிடும்.

அதிகாரி உட்கார்ந்தார். “பிஸ்கட் ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. ஆரோக்கிய உணவுத் தோட்டத்தைப் பார்வையிட வந்த நிகழ்ச்சி, பச்சைப் பாத்திகளுக்கு முன்னால் எல்லோரும் கிரீம் பிஸ்கட் தின்றதோடு இனிதே முடிந்தது. படமும் எடுத்தார்கள். அந்தப் படம் இதுவரை எங்கும் வெளிவரவில்லை.

கிளம்பும்போது அதிகாரி என்னைத் தனியாக அழைத்தார். “மாதிரித் தோட்டம்னு நான் இத சொல்ல முடியாது டீச்சர்.”

“தெரியும் மேடம்.”

“ஆனா மூட வேணாம். கீரையெல்லாம் எடுத்துருங்க. மண்ண மாத்திட்டு மறுபடி ஆரம்பிங்க.” அதைத் தலைமையாசிரியர் காதில் விழும்படி சொன்னார். தலைமையாசிரியர் வெயிலில் நின்ற தம் காரைப் பார்த்தார். அதன் பிறகு அந்தப் பள்ளித் தவணை முடியும்வரை அவர் என்னோடு பேசவில்லை. பள்ளியில் எனக்குக் கிடைத்த சலுகைகளில் அதுவும் ஒன்று.

கீரையை எடுத்துவிட்டோம், கத்திரியை மட்டும் பார்க்கலாம் என்று விட்டு வைத்தோம். அடுத்த வாரம் பாதையோரத்துக் கத்திரி இலைகள் மஞ்சளாகிச் சுருண்டன. கை ஆடவில்லை, காற்று ஆடியிருக்கிறது. நான் செய்தது சரி என்று தெரிந்தபோது எனக்கு ஒரு துளி சந்தோஷம்கூட வரவில்லை. தர்ஷினியின் பாத்தி அந்தப் பாதையோரத்தில்தான் இருந்தது.

இதைப் பயிலரங்குகளில் சொன்னால் யாராவது எழுந்து, “பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லை” என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். அவர்களுக்கு மண்ணைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும். எஸ்டேட்டில் சுத்தம் என்றால், மரத்தைச் சுற்றி ஒரு புல்லும் இல்லாத வெறும் மண். புல் தெரிந்தால் கங்காணி திட்டுவார், கூலிக் கணக்கில் அன்றைய பேர் போகாது. பிறந்ததிலிருந்து அந்தச் சுத்தத்தைப் பார்த்தவரிடம் ஒரு புல் இருக்கக் கூடாது என்று சொன்னால், அவர் வேறு என்ன செய்வார்? தமக்குத் தெரிந்ததில் மிக உயர்ந்ததைத்தான் கணேசன் மகளுக்காகக் கொண்டுவந்தார். நீங்கள் தோட்டம் தொடங்குமுன் பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முன்பு என்ன வேலை செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று கேளுங்கள். விதை வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

அன்று மதியத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலும் விட்டுவிடலாம். ஆனால் அது இல்லாமல் மேலே சொன்னதெல்லாம் வெறும் புத்திமதியாக நின்றுவிடும்.

பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு பின்பக்கம் வந்தேன். கணேசன் தனியாகக் குனிந்து, கீரையை வேரோடு பிடுங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை. வெறும் கை. பணியாளர் அறையிலிருந்து ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து நீட்டினேன்.

“இதப் போட்டுக்கிட்டு எடுங்க கணேசன்.”

வாங்கினார். ஆனால் போடாமல், கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?”

“கேளுங்க.”

“பட்டுச்சா படலையான்னே தெரியாத கீர. அதுக்கே பிள்ளைங்கள சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னீங்க.”

“ஆமா.”

“எங்கம்மா எஸ்டேட்டுல மருந்தடிக்கிற வேலதான். அது முதுகுல சுமக்குற பம்பு ஒழுகும். முதுகெல்லாம் நனைஞ்சிருக்கும். மத்தியானம் அதே சட்டையோட உக்காந்துதான் சோறு திங்கும். எனக்கும் அந்தக் கையாலதான் ஊட்டும்.” தம் விரல்களைப் பார்த்தார். “வெரல் நகமெல்லாம் கழண்டு விழும் டீச்சர். மூக்குல ரத்தம் வரும். ஒடம்பு சூடுன்னு சொன்னாங்க. எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரசரும் சூடுன்னுதான் சொன்னாரு. சூட்டுக்கு நான்தான் எளநி வெட்டிக் குடுப்பேன். சாகுற வரைக்கும் எளநி குடுத்தோம்.”

பிறகு என்னைப் பார்த்தார்.

“அது சூடு இல்லியா டீச்சர்?”

காலையில் அத்தனை பேர் முன்னால் எனக்குத் தெரியாது என்று தைரியமாகச் சொன்னவள் நான். அப்போதும் அதையே சொல்லியிருக்கலாம். நான் டாக்டர் இல்லை; அந்த அம்மாவைப் பார்த்ததுமில்லை; சொன்னால் பொய்யும் ஆகாது. ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பதில் எப்போதோ வந்துவிட்டிருந்தது.

“இல்ல கணேசன். சூடு இல்ல.”

தலையாட்டினார். கையுறையை விரல் விரலாக மாட்டிக்கொண்டார். குனிந்து அடுத்த செடியைப் பிடித்தார், பிடுங்கவில்லை.

“ஒவ்வொரு தடவையும் எளநியக் குடிச்சிட்டு, இப்பப் பரவால்லய்யான்னு சொல்லும்” என்றார்.